வைத்திய நிதி: தர்மமா, பாத்தியதையா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், வைத்தியத்திற்கென்று பெருந்தொகையை வைத்துக்கொண்டு ஊர்ச் சங்கங்களுக்கு மானியம் கொடுத்து வரும் நிதி ஸ்தாபனங்களைப் பற்றியதாகும். இப்படிப்பட்ட ஸ்தாபனம் ஒன்று பணம் கொடுத்தது என்று கேட்டவுடனே நம் ஜனங்கள் "மகராசன், தர்மப் பிரபு" என்று கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள். கொடுப்பவன் புண்ணியவான், வாங்குகிறவன் போன ஜன்மத்துப் பாவி என்கின்ற எண்ணம் நமக்குப் பால் குடிக்கும்போதே புகட்டப்பட்டதாகும். அந்தப் பணம் யாருடைய பணம் என்று கேட்கும் வழக்கமே நம்மிடம் கிடையாது. அப்படிக் கேட்டவர்களின் சங்கதி ஒன்றைச் சொல்லுகிறோம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் புளூ கிராஸ் என்று ஒரு வைத்திய இன்ஷ்யூரன்ஸ் ஸ்தாபனம் இருந்தது. 1930களில் ஏற்பட்டது. லாபத்திற்காக நடத்தப்படுவதல்ல, பொதுநன்மைக்காக நடத்தப்படுவது என்று சொல்லி, பல ஆண்டுகள் வரிச்சலுகை பெற்று வளர்ந்தது. வரிச்சலுகை என்றால் என்ன? சர்க்காருக்கு வரவேண்டிய பணத்தை வராமல் விட்டுவிடுவதுதானே? சர்க்கார் பணம் என்பது ஜனங்களின் பணம்தானே? ஆகவே அந்த ஸ்தாபனத்தின் ஆஸ்தியில் ஒவ்வொரு கலிபோர்னியாக்காரனுக்கும் பாத்தியதை உண்டு என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

இந்த நிலையில், 1993ல் அது தனது வியாபாரத்தின் பெரும்பகுதியை வெல்பாயிண்ட் என்கின்ற லாபக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டது. பங்குகள் சந்தைக்கு வந்தன. பொதுஜனங்களுக்கு என்ன பங்கு என்ற பேச்சே இல்லை! நம் ஊர் தர்மகர்த்தா கோயில் நிலத்தைத் தன் பெண்டாட்டி பேருக்கு எழுதிக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆனால் அங்கே கன்ஸ்யூமர்ஸ் யூனியன் போன்ற சங்கங்கள் சும்மாயிருக்கவில்லை. பொதுச் சொத்தை ஏன் பொதுஜனங்களுக்கு வைக்கவில்லையென்று விடாமல் கேட்டார்கள். மாகாண அதிகாரிகளும் வற்புறுத்தவேண்டியதாயிற்று. முடிவில் 1996ல் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆஸ்தி இரண்டு வைத்திய நிதி ஸ்தாபனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. அவற்றில் ஒன்றுதான் கலிபோர்னியா எண்டோமெண்ட் என்பது. எந்தப் பிரபுவும் தன் மடியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்ததல்ல, கேட்டதனால் வந்தது.

நிற்க, அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்பதைப் பார்ப்போம். இப்படிப்பட்ட ஸ்தாபனங்கள் வருஷத்திற்குச் சுமார் 100க்கு 5 வீதமாவது செலவு செய்யவேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம். எண்டோமெண்ட் 2010ல் 14 ஏழை வட்டாரங்களைப் பொறுக்கியெடுத்து, 10 வருஷத்திற்கு 100 கோடி டாலர் என்று திட்டம் போட்டது. இந்தப் பத்து வருஷம் என்பதை நாம் மெச்சுகிறோம். ஏனெனில், பொதுவாக மானியம் கொடுப்பவர்கள் ஒரு வருஷத்திற்குக் கொடுத்து, அதற்குள் ரிப்போர்ட்டு எங்கே, கணக்கு எங்கே, போட்டோ எங்கே என்று கேட்டு, ஊழியம் செய்ய வந்தவனைக் குமாஸ்தாவாக்கிவிடுகிறார்கள்.

அவ்வட்டாரங்களில் கிழக்குக் கோச்செல்லா பள்ளத்தாக்கும், தெற்குக் கெர்னும் விவசாயத் தொழிலாளிகள் வாழும் பிரதேசங்கள். அங்குள்ள சில கிணற்று நீரில் ஆர்சனிக் என்னும் பாஷாணம் கலந்திருக்கிறது. இதற்கு மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாலும், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும் பாஷாணம் போகாது. டாக்டர் மருந்து கொடுத்தாலும் மறுநாளும் அதே தண்ணீரைத்தானே குடிக்கவேண்டும்? ஆதலால் 2014 முதல் அங்குள்ள பாடசாலைகளிலும் பொது இடங்களிலும் சுத்தமான குடிதண்ணீர்க் குழாய்கள் வைக்க மானியம் கொடுக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு வெளியே நடக்கும் இந்த வேலையே உண்மையான வைத்தியமென்போம்.

ஆனாலும், கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கோடியை 14 வட்டாரத்திற்கும் 10 வருஷத்திற்கும் வகுத்தால், வட்டாரம் ஒன்றுக்கு வருஷம் 71 லட்சம் டாலர்தான். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக்கூடக் காணாது. அன்றியும், அந்த ஸ்தாபனத்தின் நிர்வாகிகள் ஜனங்களால் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுமல்லர். நாளைக்கு அவர்கள் புத்தி மாறினால் கேட்பாரில்லை. ஆகவே மானியத்தைக் கொண்டு மருந்து வாங்கித் தீர்ப்பதைவிட, சர்க்காரைச் செய்யவைப்பதற்கு ஜனங்களைத் திரட்டுவதே மேல் என்று அவர்களே கண்டுகொண்டார்கள். குடியேறிவந்து உரிய சீட்டில்லாமல் இருக்கும் தொழிலாளிகளுக்கும் வைத்தியம் வேண்டுமென்று அவர்கள் உதவியோடு கிளர்ச்சி நடந்தது. 2016 மே மாதத்தில் அப்படிப்பட்டவர்களின் குழந்தைகளுக்கு, 19 வயது வரையில், மெடி-கால் என்னும் மாகாண வைத்திய உதவி முழுவதும் கிடைத்தது. படிப்படியாக விரிந்து, 2024 ஜனவரியில் எல்லா வயதினருக்கும் கிடைத்தது.

ஆனால் சர்க்காரார் பணமுடை என்று சொல்லி, 2026 ஜனவரி முதல், 19 வயதும் அதற்கு மேலும் ஆன அத்தகையோர் புதிதாகச் சேர முடியாதென்று கதவைச் சாத்திவிட்டார்கள். இனிப் பழம் பறிக்கப் புதிதாக வரும் தொழிலாளிக்கு அவசரச் சிகிச்சையும், பெண்ணானால் பிரசவ வைத்தியமுந்தான். நீரிழிவுக்கு மாத்திரை வேண்டுமென்றால், அவன் மயங்கி விழும்வரையில் காத்திருக்கவேண்டும். எந்த நிதி ஸ்தாபனத்தின் வட்டிப்பணமும் அந்தக் கதவுக்கு ஈடு கட்டாது. 1993ல் கேட்டவர்களைப்போல் மறுபடியும் கேட்க ஆட்கள் வேண்டும்.