ஆர்ச்சடி



"ஆர்ச்சடியில் நில்லும், நான் வந்துவிடுவேன்" என்றார் அந்த மூதாட்டி. 1994ஆம் ஆண்டு, ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் நான் அறையெடுத்துத் தங்கியிருந்த வீட்டுக்காரி அவர். சொன்னபடி ஆற்றோரம் போய் அரைமணி நேரம் மழையில் நனைந்தேன். ஆர்ச்சைக் காணவில்லை. பாலத்துக்கு ஏறும் சாலைகள்தான் வளைந்து கிடந்தன. வந்து சேர்ந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்த ஆர்ச் 1964இலேயே இடிக்கப்பட்டுவிட்டதாம்!

விக்டோரியா மகாராணி 1844இல் டண்டித் துறையில் வந்திறங்கியபோது மரத்தால் ஒரு வளைவு கட்டினார்கள். பின்னர் அதே நினைவாகக் கல்லில் எழுந்ததுதான் இந்த அரச வளைவு. டே ஆற்றின் மேல் வீதிப் பாலம் அமைக்க அது இடைஞ்சலாயிற்று. இடித்த கற்களையே கொட்டிப் பக்கத்துக் கப்பல்துறையை நிரவினார்கள்.

மூதாட்டியின் தாயார் காலத்தில் சந்திக்கும் இடம் வேறு. வில்லியம் அடம் வரைந்த பழைய நகர மண்டபம். 1734இல் கட்டி முடித்தது. கீழ்த்தளத்துத் தூண் வரிசையால் அதனைத் 'தூண்கள்' என்றே ஊர் அழைத்தது. 1932இல் அதுவும் போய்விட்டது.

டண்டி சணல் நகரம். வங்காளத்திலிருந்து வந்த சணலைத் திமிங்கில எண்ணெயிட்டு மென்மையாக்கி நெய்தார்கள். கூலி குறைவென்பதால் ஆலைகள் பெண்களையே பெரும்பாலும் அமர்த்தின. வேலையற்று வீட்டிலிருந்த ஆண்களுக்குக் 'கேத்தல் காய்ச்சிகள்' என்று பட்டப் பெயர். தம் தந்தையாரும் ஒரு கேத்தல் காய்ச்சிதான் என்று மூதாட்டி கூசாமல் சொல்வார். தறிச் சத்தத்தில் பேச்சுக் கேளாது. கையசைவாலும் உதட்டசைவாலும் கதைத்துப் பழகியவர். சமையலறையிலும் அந்தக் கைகள் ஓய்ந்ததில்லை.

பொழுதுபோக்கைக் கேட்டால் முகம் மலரும். சில்லறைக் காசுக்கு 'ஃபைஃபி' என்னும் தோணியில் ஆற்றைக் கடந்து அக்கரை நியூபோர்ட் போய் உடனே திரும்புவார்களாம். அக்கரையில் அலுவல் ஒன்றுமில்லை, காற்று வாங்கத்தான்! 1966 ஆகஸ்டில் பாலம் திறந்ததோடு தோணியும் நின்றது. சனிக்கிழமைகளில் படமாளிகை. 1936இல் திறந்த கிரீன்ஸ் பிளேஹவுஸில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஆசனங்கள். பிற்காலத்தில் அது பிங்கோ ஆடும் இடமாகி, நான் அங்கிருந்த 1995இல் தீப்பற்றி எரிந்தது. எரிந்த பின் அந்த வீதியால் போக அவர் மறுத்துவிட்டார்.

இத்தனைக்கும் அவர் பழமையை ஆராதிப்பவரல்லர். ஓவர்கேட் என்ற பழைய தெருவை 1960களில் தரைமட்டமாக்கியதை நான் ஒருமுறை குறை கூறப்போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பல குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை. நீர் அங்கே இருந்து பார்த்தீரா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வசிக்கத் தகாத வீடுகள் போனதில் அவருக்கு வருத்தமில்லை. காசு கொடுக்காமல் ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்கக்கூடிய இடங்களும் சேர்ந்து போனதுதான் அவர் வழக்கு.

2019இல் மீண்டும் போனேன். ஆர்ச்சைப் பலிகொண்ட அந்த வளைவுச் சாலைகளையும் இப்போது இடித்துவிட்டார்கள்! ஐம்பது ஆண்டுகூட நிலைக்காத சாலைகள். அருகே ஆற்றை ஒட்டி, ஜப்பானியர் கெங்கோ குமா வடிவமைத்து 2018இல் திறந்த அருங்காட்சியகம். அதன் நடுவே ஆற்றைப் பார்க்க ஒரு வழி விட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதற்குள் ஓடி விளையாடினார்கள்.

மூதாட்டி அப்போது உயிருடன் இல்லை. ஆர்ச்சடி என்று நான் நினைத்த இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.