காயம் ஆறியதற்கு அளவுகோல் எது?



காயமுற்ற விளையாட்டு வீரரோ, மூட்டை சுமக்கும் தொழிலாளியோ மீண்டும் பணிக்குத் திரும்பும் நாளை எது முடிவு செய்கிறது? வலி நின்றதும் வீக்கம் வடிந்ததுமே பெரும்பாலும் போதிய சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தசை எவ்வளவு விரைவில் செயற்படுகிறது என்பதையும் அளந்தறிதல் நலம் என்பது விளையாட்டு மருத்துவம் கற்பிக்கும் பாடமாகும்.

நரம்பின் செயலுக்கும் காலம் தேவை என்பதை, 1850-இல் தவளையின் நரம்பை ஆராய்ந்து ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிறுவினார். ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி ஒலித்து 0.1 வினாடிக்குள் புறப்படுவது தவறான புறப்பாடாகக் கருதப்படுவதும் இந்த அடிப்படையிலேதான்.

கணுக்கால் சுளுக்கை எடுத்துக்கொள்வோம். சோதனைக்குரியவர் ஒரு பலகை மீது நிறுத்தப்படுகிறார். அவர் எதிர்பாராத நேரத்தில் பலகை பக்கவாட்டில் சாய்க்கப்படுகிறது. காலின் வெளிப்புறத் தசை மீது ஒட்டிய மின்முனைகள் அத்தசை விழித்தெழும் கணத்தைப் பதிவு செய்கின்றன. நலமுள்ளவர்களிடம் இது பொதுவாக 0.06 முதல் 0.08 வினாடி வரை அமைகிறது. மூளை சிந்தித்து முடிவெடுக்குமுன் நிகழும் அனிச்சைச் செயல் இது. மின்துடிப்பு தோன்றிய பின்னும், தசை இழுவிசையாக மாறுவதற்குச் சிறிது நேரம் கழிகிறது.

அடிக்கடி சுளுக்கும் கணுக்காலில் இந்நேரம் நீள்வதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன; வேறு சில அவ்வாறு காணவில்லை. ஆகவே ஒற்றை எண்ணைக் கொண்டு தீர்ப்பு வழங்கலாகாது. காயமுற்ற காலை மற்றக் காலுடன் ஒப்பிடுவதும், வலிமை, சமநிலை ஆகியவற்றைச் சேர்த்து நோக்குவதுமே முறை. ஒற்றைக்காலில் நிற்றல், ஆடும் பலகையில் நிற்றல் முதலிய பயிற்சிகளின் பயனையும் இத்தகைய அளவீடுகள் காட்டும்.

செலவு பற்றிய கேள்வி எழுவது இயல்பே. கண்ணுக்கும் கைக்கும் உரிய துலங்கல் நேரத்தை அறிய ஓர் அளவுகோலே போதும். மேலிருந்து விடப்படும் அளவுகோலை 20 சென்டிமீட்டர் விழுந்தபின் விரல்கள் பற்றினால் அந்நேரம் ஏறத்தாழ 0.2 வினாடி. ஆயினும் கணுக்காலை அளக்க இது உதவாது. அதற்குக் கருவியும் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரும் தேவை.

1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுப் பயிலகம் தொடங்கப்பட்டது. 1984-இல் இந்திய விளையாட்டு ஆணையம் அமைந்தது. பதக்கம் நாடும் வீரருக்காக வளர்ந்த அறிவு, நாட்கூலி நாடும் உழைப்பாளிக்கும் மாவட்ட மருத்துவமனையில் கிட்டவேண்டும். முழுதும் தேறுமுன் சுமை தூக்கி மறுபடியும் கால் சுளுக்குபவர் இழப்பது அன்றைய கூலியை மட்டுமன்று. அடுத்த பல வாரங்களின் கூலியையும்தான்.