யானைக்கு ஆறு, நமக்கு ஒன்று

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே வந்திருக்கும் தாய்மார்களே, பின்னால் சுவரோரம் நிற்கும் தம்பி தங்கைகளே!

சின்னக்கானலில் மேடை ஏறிவிட்டு காட்டுயானை அரிக்கொம்பனைப் பற்றிப் பேசாமல் இறங்க முடியுமா? ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றவனை 2023 ஏப்ரல் 29 அன்று நான்கு கும்கி யானைகளை நிறுத்தி லாரியில் ஏற்றினார்கள். அவன்மேல் எனக்கு ஒரு பொறாமை உண்டு. யானைக்குக் கடைவாய்ப்பல் ஆயுளில் ஆறு தடவை வரும். ஒன்று தேய்ந்தால் பின்னாலிருந்து அடுத்தது நகர்ந்து வரும். நமக்கு? ஆறு வயது வாக்கில் பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிறதே ஒரு கடைவாய்ப்பல், அது வாழ்நாளுக்கு ஒரே தடவை. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால், "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறோம். பத்து வயதில் குழி, பதினைந்தில் பிடுங்கல்!

"பல் போனால் சொல் போச்சு" என்பது தாத்தா பாட்டிக்கான பழமொழி என்றிருந்தோம். கேரள அரசும் 'மந்தஹாசம்' திட்டத்தில் 60 வயது கடந்த ஏழைகளுக்கு இலவசமாகப் பல்செட் தருகிறது. நல்ல காரியம். ஆனால் இளம்பிள்ளைக்குப் பல் போவதற்கு முன்பே சொல் போய்விடுகிறதே! விடை தெரிந்தும் வகுப்பில் வாய் திறக்காத பெண். சிரிப்பு வந்தால் கை தானாக வாயைப் பொத்தும் பையன். விடிய விடியக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்துவிட்டுக் காலையில் பரீட்சைக்குப் போகும் பிள்ளை. மார்க் குறைந்தால், "படிப்பில் கவனமில்லை" என்று திட்டுகிறோம். வாய்க்குள் பார்த்தோமா?

இதற்கு நம் தேயிலையைப் பழிக்காதீர்கள். மண்ணிலிருந்து ஃப்ளூரைடை உறிஞ்சி இலையில் வைக்கும் செடி அது. பற்பசையில் சேர்ப்பதும் அதே ஃப்ளூரைடுதான். குற்றவாளி, அதில் நாம் போடும் சர்க்கரை. வாயிலுள்ள கிருமி சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கும். அமிலம் எனாமலைக் கரைக்கும். உமிழ்நீர் அதை ஆற்ற அரைமணி நேரமாவது வேண்டும். அதற்குள் இன்னொரு கட்டன் டீ, ஒரு பிஸ்கட், ஒரு மிட்டாய் என்றால் பல்லுக்கு ஓய்வு ஏது? நாளொன்றுக்குச் சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு டீஸ்பூனுக்குள், இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. கிளாசுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் மூன்றே கிளாசில் கணக்கு முடிந்தது.

வலி வந்தால் கிராம்பு வைக்கிறோம். வலி தூங்கும், குழி தூங்காது. பல் டாக்டரைப் பார்க்க அடிமாலிக்கோ, போடிமெட்டு இறங்கிப் போடிக்கோ போனால் ஒரு நாள் கூலி போச்சே என்று தள்ளிப்போடுகிறோம். சிறு குழியை அடைக்கப் பெரும்பாலும் ஒரு நாள் போதும். வேருக்கு இறங்கிவிட்டால் எத்தனை நாள் கூலி?

ஆகவே பஞ்சாயத்திடம் ஒன்று கேட்போம்: வருஷத்துக்கு ஒரு தடவை பல் டாக்டர் நம் பள்ளிக்கூடத்துக்கே வரட்டும். அதுவரை நம் கையில் ஒரு வேலை இருக்கிறது. வாசலில் யானை நிற்கிறதா என்று பார்க்க வீட்டுக்கு வீடு டார்ச் வைத்திருக்கிறோம். இன்று ராத்திரி பிள்ளை பல் தேய்த்ததும், அந்த டார்ச்சை ஒரு நிமிஷம் அதன் வாய்க்குள் அடித்துப் பாருங்கள். கடைசிப் பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் காலையில் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.