இல்லமே பள்ளியாக இருந்த ஆண்டுகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



“பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கிறீர்களாமே?” என்று இக்காலனியில் எங்களைக் கேளாதவர் இல்லை. சிலர் வியந்து கேட்டனர். சிலர் கவலையோடு கேட்டனர். ஓரிருவர் கடிந்தும் கேட்டனர். மாடிப்படியில் நின்றுகொண்டு சொல்லிவிடக்கூடிய விடை அன்று அது. ஆகவே, சங்கத்தார் இன்று எங்களைப் பேச அழைத்தபோது, அதனையே பொருளாகக் கொண்டோம். இவ்வுரையைக் கணவனும் மனைவியுமாக அமர்ந்து எழுதினோம். படிப்பவர் ஒருவர், பேசுபவர் இருவர்.

எங்கள் குடும்பம் சிறியதன்று. பிள்ளைகள் நால்வர், பாட்டியார் ஒருவர், ஆக ஏழு பேர். எங்களுள் ஒருவருக்கு ரயில்வேயில் இரவு பகல் மாறிவரும் ஷிப்டு வேலை. மற்றவருக்கு வீட்டிலேயே தையல் வேலை. பிழைப்பின் பொருட்டு இந்நாகபுரிக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றைப் போன்றதே எங்கள் குடும்பமும். ஓய்வு மிகுந்திருந்தமையால் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினோம் என்று எவரும் எண்ண வேண்டா.

2020 மார்ச்சுத் திங்களில் நோய்த்தொற்றின் காரணமாக நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது மூத்த மகளுக்கு 8 வயது. அடுத்த மகனுக்கு 6 வயது. மூன்றாம் மகளுக்கு 3 வயது. கடைக்குட்டி பிறக்கவில்லை. வீட்டில் இருந்த கைப்பேசி ஒன்று. அதில் வகுப்பு நடந்ததோ இருவருக்கு. மகனின் வகுப்பாசிரியர் அதற்கு முன்பே எங்களை அழைத்து, “உங்கள் பையன் சற்று மந்தம்” என்று சொல்லியிருந்தார். நாங்கள் அதை நம்பவும் இல்லை. மறுக்கவும் வகை தெரியவில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கடகடவென்று படிக்கிறானே, இவனா மந்தம் என்று எண்ணினோம்.

ஒரு நாள் மாலை அவனை அருகில் அமர்த்தி, ஆங்கில வாசகப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னோம். படித்துக்கொண்டே வந்தான். தாளைப் புரட்டும்போது இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டுவிட்டன. அவன் அதைக் கவனிக்கவில்லை. கண்ணுக்கு முன் இல்லாத பக்கத்தை ஒரு சொல்லும் பிசகாமல் “படித்தான்.” அப்போதுதான் எங்களுக்கு உண்மை விளங்கிற்று. அவன் புத்தகம் முழுவதையும் காதால் கேட்டு நெட்டுருப் போட்டிருந்தான். எழுத்து ஒன்றும் அவனுக்குத் தெரியாது.

வீட்டில் தமிழ், தெருவில் இந்தியும் மராத்தியும், பள்ளியில் ஆங்கிலம். இத்தனை மொழிகளுக்கிடையில் ஆறு வயதுப் பிள்ளை வழி தெரியாமல் நின்றிருக்கிறான். நின்ற இடத்தை யாரும் பார்க்கவில்லை. ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த ஆசிரியரைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. ஒரே கூரையின்கீழ் இருந்த நாங்களே பார்க்கவில்லையே!

அன்று தொடங்கிற்று எங்கள் பணி. 2022-இல் பள்ளிகள் முழுமையாக இயங்கத் தொடங்கியபோதும், மகன் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும் வரை வீட்டிலேயே கற்பிப்பது என்று முடிவு செய்தோம். தம்பி வீட்டிலிருக்க அக்காள் போவதாவது என்று மூத்தவளும் நின்றுகொண்டாள்.

முதலில் நாங்கள் செய்தது பெரும்பிழை. அதனை ஒளியாமல் சொல்ல வேண்டும். சுவரில் கரும்பலகை மாட்டினோம். கால அட்டவணை எழுதி ஒட்டினோம். ஒரு நாளைக்கு ஏழு பாடவேளை. ஒவ்வொன்றின் முடிவிலும் பூசையறை மணியை எடுத்து அடிப்பது! பள்ளிக்கூடத்தையே பெயர்த்துக்கொண்டு வந்து கூடத்தில் நட்டுவிட்டோம். ஒருவர் இரவு வேலை முடிந்து வந்து உறங்க வேண்டும், கைக்குழந்தை அழும், தைக்கக் கொடுத்தவர்கள் வாயிலில் நின்று கேட்பர், அடுப்பில் பால் பொங்கும். தீபாவளிக்குள் அட்டவணை கிழிந்தது. எங்கள் பொறுமையும் கிழிந்தது. ஒரு நாள் இரவு மூத்தவள் கேட்டாள்: “காலையிலிருந்து டீச்சராகவே இருக்கிறாயே, அம்மா எப்போது வருவாள்?”

அவ்வினாவுக்கு எங்களிடம் விடையில்லை. மறுநாளே மணி பூசையறைக்குத் திரும்பிற்று.

வழி காட்டியவர் பாட்டியார். அவர்தம் தந்தையார் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அங்கே ஆசிரியர் ஒருவரே. பிள்ளைகளோ பல வயதினர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்கு மணலில் எழுத்துப் பயிற்றுவான். இம்முறையின் பெருமையை நம்மவரைக் காட்டிலும் மேல்நாட்டார் நன்கறிந்தனர். சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே இளையவர்களுக்கு எழுத்துக் கற்பிக்க அமர்த்தினார். 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். “சென்னை முறை” என்னும் பெயரோடே அஃது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிற்று. பல வயதுப் பிள்ளைகள் கூடியிருப்பது கற்பித்தலுக்கு இடையூறு என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அதுவே துணை என்பதை எங்கள் ஊர்த் திண்ணையிலிருந்து கற்றோம்.

தாம்பாளத்தில் மணலைப் பரப்பி, மூத்தவள் தம்பிக்கும் தங்கைக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். நாங்கள் சொன்னால் சுருங்கிப் போகும் மகன், அக்காளிடம் தவறு செய்யக் கூசவில்லை. அழித்தால் சுவடு தெரியாத மணல் அது. தவறும் அவ்வாறே மறைந்தது. நான்கு திங்களில் தமிழ் எழுத்துகள் வசப்பட்டன. ஒரு மொழியில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பிடிபட்டவுடன், மற்ற மொழிகளின் பூட்டும் ஒவ்வொன்றாகத் திறந்தது.

இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. சட்டாம்பிள்ளை வேலையிலேயே மூத்தவளின் பொழுது முழுதும் கழிவதை மெல்ல உணர்ந்தோம். பெண்பிள்ளை என்பதாலேயே வீட்டின் சுமை அவள் தோளில் தானே ஏறிக்கொள்கிறது. ஆகவே, நாளுக்கு அரைமணி நேரம் மட்டுமே அவள் கற்பிப்பது என்றும், பிற்பகலில் இரண்டு மணி நேரம் அவளை எவரும் அழைக்கலாகாது என்றும் விதி செய்தோம். அவ்விரண்டு மணி நேரத்தில் அவள் படித்தவை எவ்வளவோ!

மற்ற பாடங்கள் எங்கே நடந்தன என்று கேட்பீர்கள். வீட்டு வேலையின் நடுவே நடந்தன. விடியற்காலையில் பாட்டியார் கோலமிடும்போது மூன்றாமவள் உடன் அமர்வாள். ஏழு புள்ளியில் தொடங்கி இருபுறமும் நான்கில் முடியும் இடுக்குப்புள்ளிக் கோலத்திற்கு எத்தனை புள்ளிகள் வேண்டும்? விரல்விட்டு எண்ணி 37 என்றாள். அடுத்த வாரம் எண்ணாமலே, நான்கும் ஐந்தும் ஆறும் பதினைந்து, அதன் இரட்டிப்பு முப்பது, நடுவே ஏழு என்று கூட்டிச் சொன்னாள்.

நம் ஊரின் மே மாத வெயிலை நீங்கள் அறிவீர்கள்; 45 டிகிரி என்பது நமக்குச் செய்தியன்று. கூலருக்குத் தண்ணீர் ஊற்றுவது மகனின் வேலை. எங்கள் கூலர்த் தொட்டி 45 லிட்டர் கொள்ளும். வாளி 15 லிட்டர் கொள்ளும். காலையில் மூன்று வாளி ஊற்றி நிரப்பினால், மாலைக்குள் இரண்டு வாளித் தண்ணீர் குறைந்திருக்கும். அவனே கணக்கிட்டான்: நாளுக்கு 30 லிட்டர், அறுபது நாளைக்கு 1,800 லிட்டர். “இவ்வளவு தண்ணீரும் எங்கே போயிற்று?” என்று கேட்டான். நீர் ஆவியாகிறது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது, அதனால் காற்றுக் குளிர்கிறது என்று விளக்கினோம். சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, “மழைக்காலத்தில் கூலர் குளிராததற்குக் காற்றில் முன்பே தண்ணீர் நிறைந்திருப்பதுதான் காரணமா?” என்றான். மந்தம் எனப்பட்ட பிள்ளை கேட்ட வினா அது. எங்கள் கண்கள் கலங்கியதை அவன் பார்க்கவில்லை.

எல்லா நாளும் இப்படி ஒளிவீசிற்று என்று சொன்னால் அது பொய். பாடமே நடவாத நாட்கள் பல. சண்டையிலேயே பொழுது சாய்ந்த நாட்கள் பல. தையல் கூலி குறைந்தது, செலவைச் சுருக்கினோம். எங்களுக்கே தெரியாத பாடங்கள் வந்தபோது, அக்கம்பக்கத்தாரை நாடினோம். மராத்தி கற்பித்தவர் கீழ்வீட்டு அம்மையார். அவருக்கு நாங்கள் பட்ட கடன் தீராது.

சட்டத்தைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். 2002-ஆம் ஆண்டின் 86-ஆம் அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. அவ்வயதுப் பிள்ளைகளுக்குக் கல்வி வாய்ப்பளிப்பதைப் பெற்றோரின் கடமையாகவும் வகுத்தது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்பிரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளை திரும்பி வந்தால், அவன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 1989-இல் நிறுவப்பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் வழியே, 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். அதில் தமிழும் ஒரு பாடமாக உண்டு. எங்கள் மூத்தவள் அத்தேர்வுக்கே ஆயத்தமாகிறாள், தமிழையும் எடுத்திருக்கிறாள்.

மகனோ பள்ளிக்குத் திரும்பிவிட்டான். இதை எங்கள் தோல்வி என்று சிலர் பேசிக்கொண்டது எங்கள் காதிலும் விழுந்தது. நடந்தது இதுதான்: சென்ற ஆண்டு ஒரு மாலை அவன், “எனக்குக் கிரிக்கெட் ஆட பதினோரு பேர் வேண்டும், நம் வீட்டில் ஏழு பேர்தான் இருக்கிறோம், அதில் ஒருவர் பாட்டி” என்றான். சிரித்தோம், சிரித்து முடித்தபின் சிந்தித்தோம். வீடு எழுத்தைக் கொடுக்கலாம், எண்ணைக் கொடுக்கலாம், தோழமையை எங்கிருந்து கொடுக்கும்? அவன் வேண்டியது நியாயம். வயதுக்குரிய வகுப்பில் சேர்த்தோம். முதல் நாள் மாலை திரும்பி வந்து, பாடப்புத்தகத்தைத் தானே எடுத்துப் பிரித்துப் படித்தான். தாள்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன.

ஆகவே, எங்களைப் போல நீங்களும் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுங்கள் என்று சொல்ல இங்கு வரவில்லை. இருவரும் வெளியே சென்று உழைக்க வேண்டிய குடும்பங்களுக்கு அஃது இயலாது. இயன்றோர்க்கும் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்றே: பிள்ளை எங்கே நிற்கிறான் என்பதை அருகில் அமர்ந்து பார்க்க ஒருவர் வேண்டும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் அது வேண்டும். அதற்கு நாள் முழுவதும் வேண்டா. கால்மணி நேரம் போதும்.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இம்மண்டபம் சனிக்கிழமைப் பிற்பகல்களில் பூட்டியே கிடக்கிறது. அதன் திறவுகோலை எங்களிடம் தாருங்கள். ஒரு தாம்பாளம் மணலும், சில நூல்களும் நாங்கள் கொண்டுவருகிறோம். பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தரட்டும். பணி ஓய்வு பெற்ற பெரியோர்கள் அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் அதுவே பேருதவி. எங்கள் பிள்ளைகளுக்குத் தோழர் கிடைப்பர். உங்கள் பிள்ளைகளுக்குத் திண்ணை கிடைக்கும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். இன்றிரவு வீடு திரும்பியதும் உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்திப் படிக்கச் சொல்லுங்கள். நடுவே இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிப் பாருங்கள். பிள்ளை நிறுத்தி, “பக்கம் மாறிவிட்டதே!” என்று சொன்னால் மகிழ்ந்து உறங்குங்கள். நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனால், அவனைக் கடியாதீர்கள்; மறுநாள் மாலையும் அவன் பக்கத்தில் அமருங்கள்.