பேசாப் பிள்ளைக்கு ஊசி மருந்து



யாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதுபவர். எம்முடன் பணிபுரியும் அன்பர் ஒருவர், தம் ஏழு மாதக் குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுக்குமுன் நரம்பில் செலுத்தும் மருந்துக்குக் கையொப்பம் கேட்கப்பட்டபோது, "இத்துணைச் சிறு பிள்ளைகளிடம் இதனைச் சோதித்திருக்கின்றனரா?" என்று வினவினார். அதன்பொருட்டு யாம் படித்தறிந்ததையே இங்குச் சொல்ல வந்தோம்.

படத்தைத் தெளிவாக்கும் அம்மருந்தில் உள்ளது கடோலினியம் என்னும் உலோகம். தனித்து நின்றால் அது நஞ்சு. ஆதலின் வேறொரு மூலக்கூற்றினுள் அதனைப் பூட்டிச் செலுத்துவர். சிறுநீரகம் அதனை வெளியேற்றும். பச்சிளங் குழந்தையின் சிறுநீரகமோ முழு ஆற்றல் பெற ஓராண்டேனும் ஆகும். மருந்து உடலில் தங்குந்தோறும் பூட்டு நெகிழ இடமுண்டு.

நமது வண்டிகளில் தனிப்படுக்கை வேண்டாத சிறுவர்க்கு அரைச் சீட்டு. மருத்துவ உலகமும் நெடுங்காலம் குழந்தையை அரைச் சீட்டுப் பெரியவனாகவே எண்ணிற்று. குளோராம்பெனிக்கால் என்னும் நல்ல மருந்தே பிறந்த குழந்தைகள் சிலரை உடல் சாம்பல் நிறமாக்கிக் கொன்றது என்பது 1959-இல் வெளியாயிற்று. அம்மருந்தை மாற்றி வெளியேற்றும் ஆற்றல் அச்சிறு ஈரலுக்கு இல்லை.

கடோலினியத்திலும் எச்சரிக்கைகள் வந்தன. சிறுநீரகம் பழுதுற்றோர்க்குத் தோல் இறுகும் நோய் இதனால் வருவது 2006-இல் தெரிந்தது. மூளையில் சிறிது தங்குவதை 2014-இல் ஜப்பானியர் சுட்டினர். அதனால் கேடு விளைந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் பூட்டு வலிமை குன்றிய நீள் அமைப்பு மருந்துகள் சிலவற்றை நிறுத்திவைக்குமாறு ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் பரிந்துரைத்தது. வளைய அமைப்பு மருந்துகளின் பூட்டு உறுதியானது.

அவ்வகையைச் சேர்ந்த கடோபியூட்ரால் என்னும் மருந்து, இரண்டு வயதுக்குட்பட்ட 44 குழந்தைகளிடம் ஆராயப்பட்டது. நோயற்ற குழந்தை எதற்கும் ஊசி போடவில்லை. படம் எப்படியும் தேவைப்பட்ட பிள்ளைகளே சேர்க்கப்பட்டனர். எடையில் கிலோவுக்கு 0.1 மில்லி லிட்டர். ஏழு கிலோ குழந்தைக்கு ஒரு மில்லி லிட்டர்கூட இல்லை. பின்னர்ச் சிறிதளவே குருதி எடுத்து, மருந்து வெளியேறும் வேகத்தை அளந்தனர். 2014 இறுதியில் அமெரிக்க அரசு இவ்வயதினர்க்கு அதனை ஒப்பியது.

நாற்பத்து நால்வர் போதுமோ? ஆயிரத்தில் ஒருவர்க்கு வரும் தீங்கு இவ்வெண்ணிக்கையில் அகப்படாது. எனவே பின்னும் கண்காணிப்பு வேண்டும் என்பதே எம் கருத்து.

வாய் பேசாப் பிள்ளையைச் சோதிப்பது கொடுமை என்பாரும் உளர். அவர்க்கு ஒன்று கூறுவோம். ஆராய்ச்சி நடவாத காலத்திலும் ஊசி நின்றுவிடவில்லை. ஒப்புதல் பெறாத வயதினர்க்கும் மருத்துவர் தம் பொறுப்பில் அதனைக் கொடுத்தே வந்தனர். அப்போதும் ஒவ்வொரு பிள்ளையும் சோதனைப் பிள்ளையே. விளைவைத் திரட்டி எழுதுவார்தாம் இலர்.

கையொப்பமிடும் பெற்றோர், இம்மருந்து இல்லாமலே படம் போதுமா என முதலில் கேட்கலாம். வேண்டுமெனில் அது வளைய வகையா என்றும் கேட்கலாம். குழந்தையை அன்றே எடை போடச் சொல்லவும் தயங்க வேண்டா.