இணையத்தில் வைத்த எழுத்து நிலைக்குமா?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இணையத்தளம் அமைப்பதைத் தொழிலாகக் கொண்ட நாம் இச்சபையிலே பேச எடுத்துக்கொண்ட விடயம், இணையத்தில் வைத்த எழுத்து நிலைக்குமா என்பதாகும். இணையத்தில் ஏறியது ஒருநாளும் அழியாது என்பது இக்காலத்திற் பலருடைய நம்பிக்கை. "கண்டதை எழுதாதே, பின்னர் அழிக்க முடியாது" என்று வாலிபரை எச்சரிப்பதும் அந்நம்பிக்கை கொண்டே. அவ்வெச்சரிக்கை நல்லதுதான். வசையும் வேண்டாத படமும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குத் தாவி எங்கெங்கோ தங்கிவிடுகின்றன. ஆனால் நாம் காக்க விரும்புவன அவ்வாறு தங்குவதில்லை. பார்ப்பாரின்றி விட்டால் அவை ஓலைச்சுவடியிலும் விரைவாக மறைந்துபோகின்றன. இதனை விளக்குவதே எமது நோக்கம்.

முதலில் வலையின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். சுவிற்சர்லாந்திலே ஜெனீவா நகருக்கு அருகில் சேர்ன் என்னும் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. அங்கு பணிபுரிந்த ரிம் பேர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், விஞ்ஞானிகளின் குறிப்புக்களை ஒன்றோடொன்று இணைத்து வைக்கும் முறையொன்றை 1989ஆம் ஆண்டில் எழுத்து மூலம் முன்மொழிந்தார். அம்முறையே உலகளாவிய வலையாயிற்று. அவருடைய மேசையிலிருந்த ஒரு கணினியே முதலாவது சேவையகக் கணினி. அதனை ஒருவரும் நிறுத்திவிடக்கூடாது என்று சிவப்பு மையினாற் கையால் எழுதிய துண்டொன்று அதில் ஒட்டப்பட்டிருந்தது. அன்பர்களே, வலையின் இயல்பு முழுவதும் அத்துண்டிலே அடங்கியிருக்கின்றது. எங்கோ ஓரிடத்தில் ஒரு கணினியை ஒருவர் நிறுத்தாமல் வைத்திருக்கும் வரையிலேயே நாம் ஒரு பக்கத்தைக் காண்கின்றோம். அவர் கைவிட்டால் பக்கமும் இல்லை.

1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆந் திகதி, சேர்ன் நிலையத்தார் இம்மென்பொருளை எவ்வித கட்டணமுமின்றி உலகத்தாருக்குப் பொதுவுடைமையாகக் கொடுத்துவிட்டனர். அன்று கட்டணம் விதித்திருந்தால் இன்றைய வலை தோன்றியிராது என்றே நாம் எண்ணுகின்றோம். யாருடைய உத்தரவுமின்றி எவரும் எழுதலாம் என்னும் சுதந்திரம் இவ்வாறு கிடைத்தது. எழுதியதைக் காக்கும் கடமையும் அதனோடு எழுதியவருக்கே வந்து சேர்ந்தது. இதனைப் பலர் உணர்வதில்லை.

உலகின் முதலாவது வலைத்தளத்தின் கதையே இதற்குச் சான்று. அதன் பழைய முகவரி பின்னாளில் வழக்கிழந்து போயிற்று. 2013ஆம் ஆண்டில் சேர்ன் நிலையத்தார் அதனை மீண்டும் அதே முகவரியில் நிறுத்தியபொழுது, வைப்பதற்குக் கிடைத்தது 1992ஆம் ஆண்டின் படியே. கண்டுபிடித்தவர்களின் வீட்டிலேயே முதல் ஏடு காக்கப்படவில்லையென்றால் மற்றையோர் நிலை என்ன?

1994ஆம் ஆண்டு அமெரிக்காவிலே தொடங்கிய ஜியோசிற்றீஸ் என்னும் சேவையிற் சாதாரண மக்கள் இலட்சக்கணக்கிற் சொந்தப் பக்கங்களை அமைத்தனர். 1999இல் யாகூ நிறுவனம் அதனை வாங்கியது; 2009இல் மூடிவிட்டது. தன்னார்வத் தொண்டர்கள் படியெடுத்த பகுதியே எஞ்சியது. மைஸ்பேஸ் என்னும் தளத்தில் 2015 வரையில் ஏற்றப்பட்ட பாடல்களும் படங்களும், சேவையகம் மாற்றிய வேளையிலே தொலைந்துபோயின என்பது 2019இல் வெளிவந்தது. அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி நிலையம் 2024இல் வெளியிட்ட ஆய்வொன்று, 2013ஆம் ஆண்டில் இருந்த பக்கங்களுள் நூற்றுக்கு 38 பத்தாண்டுகளின் பின் கிடைக்கவில்லை என்று காட்டிற்று.

இவ்வழிவுக்குக் காரணங்கள் எவை? எமது தொழிலில் நாம் காண்பவற்றை மட்டும் சொல்லுவோம்.

முதலாவது, வாடகை. ஒரு தளத்தின் முகவரிப் பெயரை எவரும் விலைக்கு வாங்கிவிடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் வாடகைக்கே பெறுகின்றனர். பக்கங்கள் தங்கும் சேவையகத்துக்கும் அவ்வாறே. ஒரு சங்கத்தார் உற்சாகமாகத் தளம் தொடங்குவர். திறப்பு விழாவும் நடைபெறும். கடவுச்சொல் ஒரு செயலாளரிடம் இருக்கும். அவர் வெளிநாடு போய்விடுவார். வாடகை கேட்டு வரும் கடிதங்கள் அவருடைய பழைய மின்னஞ்சலுக்கே போய்க்கொண்டிருக்கும். தவணை தப்பியதும் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்வார். நாம் கண்ட அளவில், தளங்கள் பகைவராலன்றி இவ்வகை மறதியினாலேயே மிகுதியும் மாண்டுபோகின்றன.

இரண்டாவது, வடிவம். பிளாஷ் என்னும் முறையில் அழகழகாக ஆடிய பக்கங்கள் ஒரு காலத்தில் எத்தனையோ இருந்தன. 2020ஆம் ஆண்டு முடிவுடன் அடோபி நிறுவனம் அதனைக் கைவிட்டது, பக்கங்களும் இருண்டன. ஆனால் எளிய எச்.ரி.எம்.எல் முறையில் எழுதிய அந்த 1992ஆம் ஆண்டுப் பக்கம் இன்றைய கைத்தொலைபேசியிலும் ஒரு குறையுமின்றித் திறக்கின்றது. ஆடம்பரம் அழிந்தது, எளிமை நின்றது.

மூன்றாவது, எழுத்துரு. இது தமிழருக்குரிய சங்கடம். பாமினி முதலிய எழுத்துருக்களில் நாம் தட்டச்சிட்டவை, உண்மையில் ஆங்கில எழுத்துக்களின் மேற் போர்த்திய தமிழ் உருவங்களே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கிலக் குவியலாகத் தோன்றும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடங் கிடைத்ததாயினும், அது மக்கள் கைக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. பழைய மலர்களும் கடிதங்களும் மாற்றப்படாமல் இன்னும் எத்தனை பெட்டிகளிற் கிடக்கின்றனவோ!

நான்காவது, பிறர் முற்றம். இன்று திருவிழாப் படமும் மரண அறிவித்தலும் கூட்ட அறிக்கையும் முகநூலிலேயே இடப்படுகின்றன. அன்று மாலையே நூறு விருப்பக்குறிகள் விழும், மனம் மகிழும். ஆனால் மூன்று வருடத்தின் பின் அதனைத் தேடிப் பாருங்கள். விருப்பக்குறி கூட்டத்தின் கைதட்டலைப் போன்றது, காப்பகம் ஆகாது. அந்த முற்றத்துக்கு உரியவர் நாளை வாயிலை அடைத்தால், அதைத் திறக்கச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை.

ஆயின் இணையம் வேண்டாம் என்பதோ எமது கருத்து? அன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், செல்லரித்து ஒடிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடியெடுத்து 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். அதற்கு முன் அந்நூல் அத்தனை நூற்றாண்டு வாழ்ந்தது ஓலையின் வலிமையினாலன்று. ஓலை பழுதுறுமுன் அதைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதிவைத்த பெயரறியாத கைகளினாலேயே வாழ்ந்தது. கணினிக்கும் விதி அதுவே. 1996இல் அமெரிக்காவிலே தொடங்கிய இன்ரநெற் ஆர்க்கைவ் உலகத்து வலைப்பக்கங்களைப் படியெடுத்து வைக்கின்றது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் ஏற்றிக் காத்து வருகின்றது. இவை படியெடுப்போரின் பரம்பரையைச் சேர்ந்தவை.

இனி வாலிபர் செய்யத்தக்கவை சில. சங்கத்தின் தளத்துக்கு முகவரிப் பெயரைச் சங்கத்தின் பெயரிலேயே பதியுங்கள். கடவுச்சொல்லை இருவர் பொறுப்பில் வைத்து, நிருவாகம் மாறும்பொழுது கணக்குப் புத்தகத்தோடு அதையும் கையளியுங்கள். பக்கங்களை எளிமையாக அமையுங்கள். ஒருமுறை கொடுத்த முகவரியை மாற்றாதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள் இருக்கட்டும். அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். முகநூலில் இடுவதை முதலிற் சொந்தத் தளத்தில் இட்டுப் பின்னர் அங்கு பகிருங்கள். மலரை அச்சிடுவதையும் விட்டுவிடாதீர்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தளம் அமைக்கப் பணம் தருவோர் பலர்; அமைத்ததைப் பராமரிக்கத் தருவோர் சிலர். கிணறு வெட்டியவரை நாம் புகழ்கின்றோம். ஆண்டுதோறும் அதை இறைத்துத் துப்புரவாக்குபவரை மறந்துவிடுகின்றோம். தண்ணீர் குடிப்பது அவராலும் அன்றோ? வரவு செலவுத் திட்டத்தில் இப்பராமரிப்புக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்குவீர்களாக.

இணையத்தில் வைத்த எழுத்து நிலைக்குமா என்று தொடங்கினோம். தானாக நிலைக்காது, நிலைக்கச் செய்வார் இருந்தால் நிலைக்கும். அச்செய்வார் இச்சங்கத்து வாலிபரிடையே இருந்து எழுவர் என்னும் நம்பிக்கையோடு அமைகின்றோம்.