இருபத்தோரு நாளைத் தவறவிடாதீர்கள்!

(ஒரகடம் வட்டார விவசாயிகள் விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சாலையே வேண்டாம் என்று சொல்ல நாம இங்கே கூடவில்லை. நம்ம கத்தரிக்காயும் கீரையும் கோயம்பேடு போறது ரோட்டு மேலதான். ஆனா அந்த ரோட்டுக்கு யாரோட நிலம் போகுது, அவனுக்கு என்ன கிடைக்குது? அதுதான் நம்ம கேள்வி.

1999-ல் தங்க நாற்கரச் சாலைக்கு அடிக்கல் போட்டார்கள். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்க 5,846 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் பெங்களூர் ரோடு அதில் ஒரு பகுதி. அன்று அதற்கு எண் 4, இன்று 48. 2022-ல் பெங்களூர் விரைவுச்சாலைக்கு அடிக்கல். அதன் முனையும் ஸ்ரீபெரும்புதூர்தான். மாமல்லபுரத்திலிருந்து எண்ணூர் பக்கம் போகும் சுற்றுவட்டச் சாலை வேறு. எல்லாக் கோடும் நம்ம பட்டா மேலதான் விழுது.

சட்டத்தைத் தெரிஞ்சுக்குங்க. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் வருஷச் சட்டம். முதலில் 3ஏ அறிவிக்கை வரும். கெஜட்டில் வந்த தேதியிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்கணும். வாயால சொன்னா செல்லாது. நகலில் முத்திரை வாங்குங்க. அடுத்து 3டி வந்துட்டா நிலம் மத்திய அரசுக்குப் போயிடும். பிறகு தொகை பத்தித்தான் பேசலாம். தொகை குறைவுன்னா நடுவரிடம் போகலாம்.

1997 முதல் 2014 முடிய எடுத்த நிலத்துக்கு ஆறுதல் தொகை கிடையாதுன்னு சட்டத்திலேயே இருந்தது. அது செல்லாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய அவார்டு நகல் பரணில் கிடந்தாலும் எடுத்து வக்கீலிடம் காட்டுங்க.

மாநில நெடுஞ்சாலை என்றால் 2001-ஆம் வருஷத் தமிழ்நாடு சட்டம், வழிமுறை வேறு. அதனால் நோட்டீஸில் எந்தச் சட்டம் என்று முதலில் பாருங்க.

இன்னொன்று தண்ணீர். ரோட்டை மேடாக்கி வரத்துக்கால்வாயை அடைச்சா ஏரிக்குத் தண்ணி வராது; மழைக்காலத்தில் மேல்பக்கத்து நெல் மூழ்கும். 2015 வெள்ளத்தை மறந்துடாதீங்க. ஆட்சேபணை மனுவிலேயே கால்வாய் சர்வே நம்பரைப் போட்டு, அங்கே சிறுபாலம் கேளுங்க.

நம் கோரிக்கைகள்:

• நிலம் எடுக்கும் விவரத்தை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்டு!
• கிணறு, போர், மரம், பயிர் எல்லாவற்றையும் உரியவர் முன்னிலையில் கணக்கெடு!
• குத்தகை விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் வாழ்வாதாரம் கொடு!
• ஏரி வரத்துக்கால்வாயை மறிக்காதே!

தனித்தனியா ஆபீசுக்கு அலைஞ்சா அலைக்கழிப்பான். ஊரா சேர்ந்து மனுக் கொடுப்போம், வாரீர்!